தெருமுனைப் புங்கமரம்

“மரத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்தது யாருன்னு பாருங்க மேடம். மரக்கடைக்காரர்!”

காளிதாஸ் சொன்னதும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் சிரித்தார்கள். எல்லோரும் ஆந்திராவில் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர்கள். எட்டு மாதம் கழித்து நேற்றுதான் சங்ககிரிக்குத் திரும்பியிருந்தார்கள்.

வாசல்களில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

வருவாய் ஆய்வாளர் கலைமணி புங்கமரத்தைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். பொந்து இல்லை, பூச்சி இல்லை.

“ஐயா, இது ரோட்டுப் புறம்போக்கு மரம். பசுமைக் குழு அனுமதி இல்லாம யாரும் தொடக் கூடாது. பட்டுப்போயிருக்கணும், இல்லை உயிருக்கு ஆபத்தா இருக்கணும். அப்பதான் விதிவிலக்கு.”

மனுக் கொடுத்த மரக்கடைக் கருப்பண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “மரம் நல்லாத்தானுங்க இருக்குது. அந்தக் கிளைதான் ரொம்பத் தாழ்ந்து கிடக்குது. உசரமான வண்டி உள்ளே வர முடியறதில்லீங்க.”

“பாரம் ஏத்துன லாரி நேரா ஊட்டு வாசலுக்கே வரணுமாக்கும்!” என்றான் காளிதாஸ்.



“வெட்டினாலும் கட்டை உங்களுக்குக் கிடைக்காதுங்க. ஏலம் விட்டுப் பணத்தை அரசாங்கத்துல கட்டிடுவாங்க” என்றார் கலைமணி.

“ஏலத்துப் பக்கமே வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துடறேனுங்க.”

கலைமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். “சரி. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு கிளையை மட்டும் எடுக்க நான் எழுதலாம். ஆனா காரணம் வேணும். எந்த வண்டி வர முடியலை?”

கருப்பண்ணன் வாயைத் திறந்தார். எதிர்வாசலில் நின்ற காளிதாஸின் அம்மா குஞ்சம்மாளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“வேண்டாமுங்க மேடம். மனுவைத் திருப்பிக் குடுத்துருங்க.”

“பாத்தீங்களா? கேட்டா சொல்ல முடியலை!” காளிதாஸ் கைகொட்டினான். “எங்க தெரு மரத்துல கை வெச்சு வயிறு வளக்கணுமா இவரு?”

“காளி, வாயை மூடு!”

குஞ்சம்மாள் இறங்கி வந்தாள்.

“ஆம்புலன்ஸ்னு எழுதிக்குங்க மேடம். மெஷின்கிட்ட நிக்கிற பையன் பதறிப்போவான், அவன் காதுக்குப் போகவே கூடாதுன்னு நான்தான் இவருகிட்டயும் தெருக்காரங்ககிட்டயும் கேட்டுக்கிட்டேன்.”

மகன் பக்கம் திரும்பினாள்.

“போன மாசம் உங்கப்பனுக்கு வந்தது காய்ச்சல் இல்ல சாமி, நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் இந்த முனையைத் தாண்ட முடியாம நின்னப்ப, உங்கப்பனைத் தோள்ல போட்டுக்கிட்டு இதுவரைக்கும் ஓடி வந்தவரு இந்த மரக்கடைக்காரருதான்.”