தாத்தா விட்டுப்போன அரை மணி நேரம்

நூற்றைம்பது வருஷப் பள்ளிக்கூடம் என்றால் சும்மாவா, கண்ணுகளா? கொடுத்த தண்டனை ஒன்றுகூட அங்கே மறந்துபோகாது. எல்லாவற்றையும் ஆபீஸில் இருக்கும் மெஷின் ஞாபகம் வைத்திருக்கும். ஒருவர் முடிக்காமல் ஓடியதை அவர் வாரிசு முடித்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் அட்மிஷன்.

மகள் நறுமுகைக்கு அங்கே ஓர் இடம் வாங்க மூன்று வருஷம் காத்திருந்தவர் நீதிபதி தன்ஷிகா. அவரிடம் கிளார்க் குழைந்தார்.

"மேடம், உங்க தாத்தா ஜெகன்பாபு அஞ்சாங்கிளாஸ்ல நிறுவனர் சிலைக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்காரு. பெஞ்சு மேல ஒரு மணி நேரம். பாதியில ஓடிட்டாரு."

"அவர் செத்தே இருபது வருஷமாச்சுய்யா!"

"அதான் மேடம், நீங்க…"

கோர்ட்டில் ஊரையே நிற்க வைத்தவர், ஐந்தாம் வகுப்புக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினார். பொடிசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"ஆண்ட்டி, கையக் கட்டுங்க!" என்றது ஒன்று.

கட்டினார். முழுசாக அரை மணி நேரம்.

அட்மிஷன் கிடைத்து வெளியே வந்ததும் நறுமுகை கேட்டாள்: "அம்மா, அப்போ நான் என்ன சேட்டை பண்ணாலும் ஓடிட்டா போதுமா? என் பேத்திதானே நிக்கணும்?"

முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த தன்ஷிகா பதறினார்.

"மெதுவாப் பேசுடி! மெஷினுக்குக் காது கேக்கும்."