மஞ்சள் பாவாடை

2004 ஆடி மாதம், திருத்தணி மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் நான்கு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கருத்தரங்கு நடத்தினார்கள். கணினிக்கு அறிவு வந்துவிட்டால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பது தலைப்பு.

திருவிழாவில் தொலைந்த குழந்தைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் தானே அறிவிக்கும் புரோகிராம் ஒன்றை அவர்களில் ஒருத்தியான பத்மஜா எழுதியிருந்தாள். அவள் குரலில் பதிந்த எழுபத்திரண்டு சொற்களை அது கோத்துப் பேசும். ஐந்து வயதில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அவளும் தொலைந்து, மூன்று மணி நேரம் கழித்துக் கிடைத்தவள்தான். கிடைத்தவுடன் எடுத்த படத்தைத் திரையில் காட்டினாள். அதில் மஞ்சள் பாவாடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, ஆர்.கே.பேட்டை நெசவாளர் கோதண்டபாணி, முன்வரிசையில் இருந்தார்.

"மைக்ல பேசறவருக்கு வேலை போயிடுமே?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"முதல்ல கேளுங்க," என்று பொத்தானை அழுத்தினாள்.

"பத்மஜா, வயது ஐந்து. பச்சைப் பாவாடை. இன்னும் அழுதுகினு இருக்கா. நைனா எங்க இருந்தாலும் வந்து கூட்டிகினு போகவும்."

குரல் அவளுடையதுதான். பத்மஜா, அழுதுகினு, அப்பாவை அவள் கூப்பிடும் நைனா, இந்தச் சொற்கள் எதையும் அவள் பதிந்திருக்கவில்லை. பட்டியலை இரண்டு முறை பார்த்தாள். எழுபத்திரண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள். அறிவிப்பு மறுபடியும் வந்தது.

"தொலைஞ்ச அன்னிக்குப் பச்சைப் பாவாடைதான்," என்று முணுமுணுத்தபடி கோதண்டபாணி எழுந்து நின்றார்.

"எங்க போற நைனா?" என்று மேடையிலிருந்து பத்மஜா கேட்டாள்.

"ஆங், வந்துட்டேம்மா," என்றார் அவர், ஒலிபெருக்கியைப் பார்த்து. பிறகு மேடைப் பக்கம் திரும்பாமலே மலைப்படிகளை நோக்கி நடந்தார்.