எடைக்கல்லான ஆட்டக்காரன்

டெட்ராய்ட் கூடைப்பந்து அரங்கில் ஆட்டம் தொடங்கவிருக்கும் வேளையில், லாமான்ட்டைத் தனியே உட்காரச் சொல்கிறார் பயிற்சியாளர். வேறு அணிக்குக் கைமாறப்போகும் ஆட்டக்காரனுக்குக் காயம் பட்டுவிடக் கூடாது என்பது இங்கே வழக்கம். தோற்றுத் தோற்று நொந்த டெட்ராய்ட் அணி, வளரும் இளைஞன் ஒருவனை வாங்கத் தராசு பிடிக்கிறது; கைமாறும் ஆட்டக்காரர்களின் இருபக்கச் சம்பளமும் சமனாக வேண்டுமாம், அதற்கு எடைக்கல்லாக ஒரு மனிதன். வெள்ளை வெளிச்சத்தில் காலணிகள் கிறீச்சிட, அணித்தோழன் டைரிக், குனிந்து அவனை அணைத்துக்கொள்கிறான். "எந்த ஊருடா?" "சாக்ரமென்டோ. ராத்திரியே கிளம்பணும்." "அங்க பனியே விழாது, அள்ளுற வேலை மிச்சம், போ." லாமான்ட் சிரிக்க முயல்கிறான். "மிசிசிப்பி வீட்ட வித்துட்டு அம்மா நேத்துதாண்டா எங்கூட இருக்க வந்தாங்க." மேல்வரிசையில், மகன் பெயர் பொறித்த சட்டையோடு அந்த அம்மா எழுந்து நிற்கிறாள், அவன் எப்போது களமிறங்குவான் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறாள்.