பிடரிக்குப் பட்டுநூல்

பள்ளி இசை நாடகத்துக்கு உடை தைக்க ஆள் வேண்டும் என்றதும் முதலில் கை தூக்கியவள் என் மனைவி. பின்னே? எங்கள் மகள்தான் குதிரை, டீச்சரே சொல்லியிருந்தார்.

குதிரைக்குள் இரண்டு பிள்ளைகள். முகமும் முன்காலும் ஒரு பிள்ளைக்கு, முதுகும் வாலும் இன்னொரு பிள்ளைக்கு.

பிடரிக்குப் பட்டுநூல், கண்ணுக்கு ஜிகினா, கழுத்துக்கு இரட்டைத் தையல் என்று முன்பாதியை இழைத்து இழைத்துத் தைத்தாள். பின்பாதிக்குப் பழைய திரைச்சீலை. அதிலும் ஏனோதானோவென்று ஓர் ஓட்டுத் தையல்.

“இதையும் கொஞ்சம் அழுத்தித் தையேன்,” என்றேன்.

“முகம்தாங்க நம்ம பொண்ணு. வாலை யாரு பாக்கப் போறா? எந்த வீட்டுப் பிள்ளையோ, குனிஞ்சமேனிக்கு வந்துட்டுப் போகட்டும்.”

மேடையில் குதிரை பாடிக்கொண்டே துள்ளியது. இரண்டாவது துள்ளலில் பின்பக்கம் டர்ரென்று பிரிந்தது. அரங்கமே சிரித்தது, என் மனைவியும்தான்.

கிழிசலுக்குள்ளிருந்து வியர்த்து வழிந்தபடி ஒரு தலை எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டுத் தலை.

“தேங்க்ஸ்மா!” என்று அங்கிருந்தே கத்தினாள் மகள். “உள்ள மூச்சே முட்டிடுச்சு. நல்லவேளை, எனக்கு மட்டும் ஜன்னல் வெச்சுத் தச்சிருக்கியே!”