பின்மூடியின் உள்பக்கம்

பேட்டரி உப்பி விசைப்பலகையே மேலெழும்பியிருந்த என் பழைய மடிக்கணினியை, "புதுசு வாங்கிடுங்க" என்று இரண்டு கடைகளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடையின் ஜெசிந்தா மட்டும் மறுபேச்சில்லாமல் பின்மூடியைக் கழற்றினாள். மூடியின் உள்பக்கத்தில் யாரோ பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'இந்த மூலைக்குக் குட்டை ஸ்குரூதான். நீளமானதைப் போட்டு வேறொரு மெஷினில் போர்டையே உடைச்சிருக்கேன்.' "யாருங்க இது?" என்றேன். "தெரியாது சார். எனக்கு முன்னாடி இதைத் திறந்தவர்," என்றவள், குட்டை ஸ்குரூவைத் தனியே எடுத்து வைத்தாள். பேட்டரியைப் பசை விடவில்லை. "கத்தி பட்டா தீப்பிடிச்சிரும் சார்" என்று, தையல் நூலை அடியில் நுழைத்து இரு கைகளாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். அரை மணி நேரத்தில் அது முழுதாகப் பெயர்ந்து வந்தது. அடியில் தாள்போல மெல்லிய கேபிள் ஒன்று, கீறல்கூட இல்லாமல் கிடந்தது. புதிய பேட்டரியைப் பொருத்தியதும் பேனாவை எடுத்து, அந்த எழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'பசைக்கு அடியில் கேபிள் இருக்கு. நூல் போட்டு இழுங்க.' "இனிமே இதை யாருங்க திறக்கப்போறாங்க?" என்றேன். அவள் மை காயட்டும் என்று மூடியை ஊதிக்கொண்டிருந்தாள்.