கடைசி பாட்டில்

"உன் பாட்டில எடுத்துக்கினு உள்ள போ. நீதானே மொதல்ல வந்தே?" என்றான் ஆஸ்பத்திரி உதவியாள் ராஜவேலு.

அங்காளம்மாள் பாட்டிலை எடுத்தாள். உள்ளே போகவில்லை. வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

"அவங்க போவட்டும். எனக்கு இன்னா அவசரம்?"

மருந்து வாங்க வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில்கள்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசை நிற்கும். கடைசி பாட்டில் தீரும்வரை டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். தீர்ந்தால் ஜீப் கிளம்பிவிடும். பிறகு அடுத்த வாரம்தான்.

"வாராவாரம் இதே பேஜாரு. இன்னாதான் உனக்கு ஒடம்புக்கு?"

"முட்டி வலி நைனா."

"முட்டி வலிக்காரிதான் இந்த நட நடக்குறாளா?" என்றாள் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு. "டாக்கீசுக்குப் போனா டிக்கெட் வாங்கணும். இது ஓசி."

எல்லோரும் சிரித்தார்கள். அங்காளம்மாளும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை கரைக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெயில் ஏறியது. ஒவ்வொருவராக மருந்து வாங்கிப் போனார்கள். மிஞ்சியது ஒரே பாட்டில்.

"அங்காளம்மா!" உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"இதோ வரேம்மா!" என்றவள் மறுபடியும் கரைக்கு நடந்தாள்.

ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜவேலுவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலைத் தூக்கினான்.

"தூக்கிக் கடாசிடுவேன். ஒரு நோவும் இல்லாம, டாக்டர ஒக்கார வெச்சிக்கினு..."

"அதுல மட்டும் கை வெக்காத நைனா!"

அவள் கத்தும்போதே ஒரு படகு கரையில் முட்டியது. ஒருவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். குழந்தையின் தலை துவண்டு தொங்கியது.

"ராத்திரிலேர்ந்து வாந்தி பேதி. டாக்டரு பூட்டாங்களா?"

"உள்ளதான் கீறாங்க. ஓடு!" என்றாள் அங்காளம்மாள்.

டாக்டரம்மா ஊசியோடு தயாரானார். ராஜவேலு அவள் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடி, குளுகோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்து நின்றான். வெகுநேரம் கழித்துக் குழந்தை கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டு அழுதது.

ராஜவேலு குளுகோஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தான்.

"உனுக்கு சொந்தக்காரங்களா?"

"யாரு கண்டா? காலைலேர்ந்து எதிர்க்காத்து. அக்கரைலேர்ந்து வர்றவங்க எப்பிடி நேரத்துக்கு வருவாங்க?"

"அப்போ, முட்டி வலி?"

"அது கெடக்குது."

அவள் பாட்டில் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அவள் கண் ஏரியின் மேல் இருந்தது. தூரத்தில் இன்னொரு பாய்மரப் படகு, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு மெல்ல வந்தது.

டிரைவர் மறுபடியும் ஹாரனை அழுத்தினார்.

ராஜவேலு தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனான்.

"மடவை மீன் கொழம்புண்ணே" என்று மூடியைத் திறந்தான். "ஒரு வாய் துன்னுட்டுப் போலாம், எறங்கி வாங்க."