சிவப்பு ஸ்டிக்கர்

"இந்தக் கட்டில் எதுக்கும்மா கப்பல்ல? அங்க போய் நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்க. இது இங்கயே இருக்கட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் இருந்த பச்சை ஸ்டிக்கரை உரித்து, சிவப்பை ஒட்டிவிட்டாள் நாத்தனார்.

பச்சை என்றால் கப்பல். சிவப்பு என்றால் இங்கேயே. பேக்கிங் ஆட்களின் ஏற்பாடு அது. வீட்டு எஜமானி என்று பேருக்குத்தான் இவள் நின்றிருந்தாள். ஸ்டிக்கர் ரோல் இருந்ததென்னவோ நாத்தனார் கையில்.

இவள் கணவனுக்கு வெளிநாட்டில் வேலை. சாமான் அனுப்பக் கம்பெனி கொடுத்தது அரைக் கன்டெய்னர் இடம். அதில் அடங்காததைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடலாம் என்றிருந்தாள். நாத்தனார் விட்டால்தானே.

"அவன் அடிமாட்டு விலைக்குக் கேப்பான். நான் எடுத்துக்கறேன்."

ஃபிரிஜ், பீரோவோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. குளியலறை வாளிக்கும் சிவப்பு. வாசலில் கிடந்த கால்மிதிக்கும் சிவப்பு. போதாததற்கு அறை அறையாகப் போய்க் கைபேசியில் படம் வேறு எடுத்துக்கொண்டாள்.

இவளுக்கு எரிச்சல் ஒரு பக்கம், மலைப்பு ஒரு பக்கம். ஒரு மனுஷிக்கு எத்தனை கண்தான் இருக்கும்? இவளே மறந்துபோய்ப் பரண்மேல் போட்டிருந்த முக்காலி எங்கே இருக்கிறது என்று நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

கணவனை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"உங்க அக்கா வீட்டையே வழிச்சு எடுத்துட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"எடுத்துக்கறது நம்ம அக்காதானே. விடு."

"அவங்க வீட்டு மாடியில வாடகைக்குக் குடியிருந்தவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே. இதையெல்லாம் போட்டு வைக்கவா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, அதை விடுங்க. அங்க ஆறு மாசம் பார்த்துட்டுத்தானே வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க? வேணாம்னு அனுப்பிட்டா நாம எங்க வந்து நிக்கறது? இந்த வீட்டுக்கும் ஓனர் வேற ஆள் பார்த்துட்டார்."

"கிளம்பற நேரத்துல இப்படிப் பேசாதே."

அவனுக்கும் அதே பயம்தான். குரலிலேயே தெரிந்தது.

கூடத்துக்கு வந்தவள் வீம்புக்கு ஒரு காரியம் செய்தாள். கால் ஆடும் பழைய மர நாற்காலியிலிருந்து சிவப்பை உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள்.

"இது கப்பலுக்கா?" பேக்கிங் மேஸ்திரி தயங்கினார். "காலு ஆடுதேம்மா."

"ஆடினா ஆடட்டும்."

நாத்தனாரின் முகம் சுருங்கியது. "அது இல்லேன்னா ஜன்னலோரம் வெறிச்சுனு இருக்குமே," என்று முணுமுணுத்தாள்.

யார் வீட்டு ஜன்னல் என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

கிளம்பும் நாளும் வந்தது. காலி வீட்டின் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். விழுந்து விழுந்து கவனித்தாள் நாத்தனார். ஒன்று மட்டும் சொன்னாள்.

"மாடிக்கு மட்டும் போகாதேம்மா. ஒரே தூசி."

போகாதே என்றால் கால் சும்மா இருக்குமா? அள்ளி வந்ததையெல்லாம் எப்படிக் குவித்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட இவளுக்கு மனசு குறுகுறுத்தது. நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மெல்லப் படியேறினாள். கதவைத் தள்ளினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இருந்தது அவளுடைய வீடு. கட்டில் அதே மாதிரி சுவரோரமாக. பீரோவுக்குப் பக்கத்தில் அவள் துடைப்பம் செருகிவைக்கிற அந்தச் சந்துகூட அப்படியே. முகம் பார்க்கும் கண்ணாடி இவள் உயரத்துக்குச் சரியாக மாட்டியிருந்தது. நாத்தனார் குனிந்துதான் அதில் முகம் பார்க்க முடியும். அடுப்படிக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். உப்பு ஜாடி கைக்கு வந்தது.

ஒரு வீட்டை வேரோடு பெயர்த்து இன்னொரு வீட்டுக்குள் நட ஒருத்தியால் முடியுமா? எத்தனை பொழுது நின்று பார்த்துப் பார்த்து வைத்திருப்பாள்? ஜன்னலோரம் மட்டும் ஒரு நாற்காலி அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றாள் நாத்தனார். கையில் இன்னும் சோப்பு நுரை.

மலைப்பு மலைப்புதான். ஆனால் இவள் வாய் அடங்குமா?

"ரொம்ப நல்லா ஜோடிச்சிருக்கீங்க, அண்ணி. சாமானோட விட்டா வாடகை அதிகமாவே வரும்."

நாத்தனார் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாடகைக்கு இல்லம்மா. உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி நாங்களும் வெளிநாடு போனோம். ஒத்துவரலை. எல்லாத்தையும் வித்துட்டுப் போனதால, திரும்பி வந்து சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுக் கூடத்துலயும் விருந்தாளியா படுத்துக் கிடந்தோம். என் தம்பியும் நீயும் அப்படிக் கிடக்கக் கூடாது. சரிப்படலேன்னா யாரையும் கேக்காம நேரா உங்க வீட்டுக்கே வந்துடணும்."

இவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, அண்ணி. உங்களை நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"நினைச்சா என்ன இப்போ? நல்லபடியா கிளம்பறவங்ககிட்ட, தோத்துப்போய் வந்தா இங்க வாங்கன்னு எந்த வாயால சொல்றது? நீங்க இந்த மாடியைப் பார்க்க வேண்டிய நாளே வரக் கூடாதுன்னுதான் தினமும் வேண்டிக்கிட்டே இதையெல்லாம் அடுக்கினேன்."